பெயருமில்லை, எண்ணுமில்லை
(மீஞ்சூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



மீஞ்சூர் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டிகள் போவதை நாம் தினமும் பார்க்கிறோம். அப்படிப்பட்ட மூடிய வண்டிகளில் மனிதர்களை அடைத்துக் கொண்டுபோன கதையை இன்று பேச வந்திருக்கிறோம்.

ஹிட்லரின் முகாம்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உள்ளே நுழைந்ததும் கைதியின் பெயர் போயிற்று, எண்தான் பெயர். சட்டையில் முக்கோணத் துணி தைத்தார்கள். கம்யூனிஸ்டுகளுக்கும் சோஷலிஸ்டுகளுக்கும் தொழிற்சங்கத் தோழர்களுக்கும் சிவப்பு, திருட்டு வழக்கில் வந்தவனுக்குப் பச்சை, யூதருக்கு மஞ்சள். ஆஷ்விட்ஸ் முகாமில் எண்ணைக் கையிலேயே பச்சை குத்தினார்கள். அங்கே எண் பெற்றவர்கள் சுமார் 4 லட்சம் பேர். செத்தவர்களோ சுமார் 11 லட்சம்! கணக்கு இடிக்கிறதே என்பீர்கள். கிழவர்களையும் குழந்தைகளையும் கைக்குழந்தைக்காரிகளையும் வண்டியிலிருந்து இறக்கி, நேரே விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள். வேலை வாங்க முடியாதவனுக்கு எண் எதற்கு?

சரி, அது ஐரோப்பா. நம் ஜனங்களுக்கு என்ன நடந்தது?

1942-ல் ஜப்பான் ராணுவம் மலேயாவைப் பிடித்தது. ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டத்து லயங்களில் பசி. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுகிறோம், மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டினார்கள். வராதவர்களைப் பிடித்துப் போனார்கள். இலவசமாக சினிமா காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவை அடைத்து லாரியில் ஏற்றியதும் உண்டு. மலேயாவிலிருந்து போனவர்கள் 75,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் தமிழர்கள், பெண்டு பிள்ளைகளோடு போனவர்களும் உண்டு.

மூங்கில் குடிசை. கூரை ஒழுகும், தரை சேறு. கஞ்சிக்குக் கொஞ்சம் அரிசி. கக்கூஸ் கிடையாது, மருந்து கிடையாது. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. குற்றுயிராய்க் கிடந்தவர்களையும் பிணத்தோடு குழியில் தள்ளியதாகத் திரும்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த அக்டோபரில் பாதை முடிந்தது.

அதே பாதையில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் 60,000 பேர் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்கள் பட்டதும் கொடுமைதான், குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அவர்களோடு டாக்டர்கள் இருந்தார்கள். செத்தவன் பெயரை ஜப்பான்காரனுக்குத் தெரியாமல் எழுதி வைக்க அதிகாரிகள் இருந்தார்கள். ஆகவே காஞ்சனபுரிக் கல்லறையில் இன்று சுமார் 7,000 பேர் வரிசையாக இருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் கல்லில் பெயர்.

ஆசியக் கூலிகளில் செத்தவர்கள் சுமார் 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான், தோழர்களே! தோட்டத்துத் துரையிடம் செக்ரோல் இருந்தது; காட்டில் அதுகூட இல்லை. போருக்குப் பின் பிரிட்டிஷார் சயாம் பகுதிப் பாதையை அந்த நாட்டு அரசுக்கு விலைக்கு விற்றார்கள். பாதைக்கு விலை இருந்தது. போட்டவன் கூலி?

நம் ஊர்ப்பக்கத்தில், மலேயாவுக்குப் போன பெரியப்பா கடுதாசியே போடவில்லை என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கலாம். அப்படி ஒரு பெயர் உங்கள் வீட்டுப் பாட்டிக்கு ஞாபகம் இருந்தால், எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று கேட்டு வந்து சொல்லுங்கள். மேடைக்குப் பக்கத்தில் நோட்டோடு தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.