கண்ணாடிக் கிண்ணத்தில் ஓர் ஐயறிவுயிர்



அறவிழா மேடையில் மீன் வளர்ப்பைப் பற்றிய பேச்சா என்று சிலருக்கு வியப்புத் தோன்றலாம். சமணர் இல்லத்து அடுக்களைக்குள் மீன் என்ற சொல்லும் நுழைவதில்லை. ஆனால் கூடத்துக்குள் மீன் நுழைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தாம்பரத்திலும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் அடுக்ககங்களில் வாழும் குடும்பங்களுக்கு நாய் வளர்க்க இடமில்லை. குழந்தைக்கோ ஓர் உயிரோடு பழக ஆசை. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் சந்தையில், சிறு நெகிழிக் கோப்பைக்குள் ஒற்றை மீன் விற்பனைக்கு நிற்கிறது. விலை குறைவு, சத்தமில்லை, பராமரிப்பும் எளிது என்று தோன்றுகிறது. கடைக்காரர் அதனை ஃபைட்டர் என்பார். சண்டை மீன் என்பாரும் உண்டு. பெட்டா என்பது நூல்வழக்கு. வீட்டிற்கு வந்த இரண்டொரு வாரத்தில் அது இரையை மறுத்து, துடுப்புகளைச் சுருக்கிக்கொண்டு, கிண்ணத்தின் அடியில் சாய்ந்து கிடக்கிறது. குழந்தை அழுகிறது. வீட்டார் மருந்துக்கு ஓடுகின்றனர்.

அந்த வேளையில் செய்ய வேண்டியவற்றையும் செய்யாது விட வேண்டியவற்றையும் பற்றியதே இப்பேச்சு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நோயுற்ற பெட்டா மீன்களில் பெரும்பாலானவற்றிற்கு நோய் தொடங்கிய இடம் உடலன்று, நீர். நீரைப் பார்க்காமல் மீனுக்கு மருந்து ஊற்றுவது, புகை நிறைந்த அறையில் இருமுகிறவனை வெளியே அழைத்து வராமல் கஷாயம் கொடுப்பது போன்றது.

இம்மீனின் தாயகம் தாய்லாந்து. அங்கே இதற்குப் ‘பிளா கட்’, அதாவது கடிக்கும் மீன், என்று பெயர். இரு ஆண் மீன்களை மோதவிட்டுப் பந்தயம் கட்டும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக இருந்தது. 2019-இல் அந்நாடு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரியாக அறிவித்தது. நெல்வயல்களிலும் ஆழமற்ற சதுப்புகளிலும் வாழ்ந்த மீன் ஆதலால், உயிர்வளி குறைந்த நீரிலும் பிழைக்கும் ஓர் உறுப்பு இதற்கு வாய்த்துள்ளது. செவுள்களுக்கு மேலே மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் அறை. மேல்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி அதில் தேக்கிக்கொள்ளும். தமிழ்நாட்டு மக்களுக்கு இது புதிதன்று. மழைநாளில் வயல்வரப்பில் ஊர்ந்து செல்லும் பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்புத்தான் உண்டு. 1791-இல் தரங்கம்பாடியில் அது பனைமரத்தில் ஏறியிருக்கக் கண்டதாக டால்டார்ஃப் என்னும் டேனிஷ் படையதிகாரி எழுதிவைத்தார். பெட்டாவின் நெருங்கிய உறவான மற்றொரு சிறுமீனுக்கு, புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றின் பெயரையே அறிவியல் பெயரில் சேர்த்துள்ளனர். ஆக, இந்த அயல்நாட்டு விருந்தாளிக்குச் செஞ்சிப் பக்கத்து வயல்களில் பங்காளிகள் உண்டு.

காற்றை உண்ணும் இத்திறமே அதற்குக் கேடாயிற்று. ‘இது எதிலும் பிழைக்கும்’ என்று எண்ணி ஒரு லிட்டர் கிண்ணத்தில் அடைத்துவிட்டனர். மூச்சுக்குக் காற்று போதும். ஆனால் கழிவுக்கு எங்கே போவது? மீன் தன் உடற்கழிவைப் பெரும்பகுதி அமோனியாவாகச் செவுள் வழியே நீரில் விடுகிறது. குளத்திலும் நன்கு பழகிய தொட்டியிலும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றிக் கேட்டைக் குறைக்கின்றன. புதிதாக வாங்கி நீர் நிரப்பிய கிண்ணத்தில் அந்நுண்ணுயிர்கள் இல்லை. அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ‘வாங்கிய இரண்டாம் வாரமே நோய்’ என்னும் புகாரின் விளக்கம் பெரும்பாலும் இதுதான்.

தென்சென்னைப் புறநகரின் நீர் இதனை மேலும் சிக்கலாக்குகிறது. ஒரே வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர், லாரி நீர், குழாய் நீர், 20 லிட்டர் கேன் நீர் என நான்கு வகை நீர் புழங்குகின்றன. ஆழ்துளை நீரில் சுண்ணமும் உப்பும் மிகுதி, காரத்தன்மையும் கூடியிருக்கக்கூடும். காரத்தன்மையைக் குறிக்கும் அளவு 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அமோனியாவில் நச்சாக நிற்கும் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. குழாய் நீரிலோ குளோரின். கேன் நீர் தூயதுதான், ஆனால் சுத்திகரிப்பில் தாது உப்புகளை இழந்தது. அதனை மட்டுமே ஊற்றி வளர்த்தாலும் மீன் தளரும். இன்று ஒரு நீர், நாளை மற்றொரு நீர் என மாற்றுவது இவை எல்லாவற்றிலும் கொடியது.

இவ்விடத்தில் ஒரு பழைய வழக்கத்தை நினைவூட்டலாம். கிணற்று நீரைத் துணியில் வடிகட்டிய சமண இல்லத்து மூதாட்டியர், வடிதுணியைக் கண்ட இடத்தில் உதறவில்லை. எந்தக் கிணற்றில் நீர் எடுத்தார்களோ அதே கிணற்றில் சேருமாறு அலசி விட்டார்கள். ஒரு நீரில் பிறந்த உயிர் மற்றொரு நீரில் மாண்டுபோகும் என்பதே அதன் உட்பொருள். மீன் தொட்டிக்கு நீர் மாற்றும் பேரப்பிள்ளைக்கு அந்தப் பாட்டியைவிடச் சிறந்த ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

ஆகவே மீன் வாடிக் கிடந்தால் முதற்செயல் நீர்மாற்றம். முழுவதும் கொட்டிவிட்டுப் புதுநீர் நிரப்புதல் கூடாது. அந்த அதிர்ச்சியிலேயே அது இறக்கக்கூடும். நாளொன்றுக்குக் கால் பங்கு எடுத்து, அதே அளவு, அதே வெப்பமுள்ள நீரை மெல்லச் சேர்க்க வேண்டும். குழாய் நீரானால் அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் நீங்கும். அவசரமெனில் கடைகளில் குளோரின் நீக்கி கிடைக்கும். கிண்ணத்தைச் சோப்பால் கழுவலாகாது. இரண்டாவது, வெப்பம். இம்மீனுக்கு 25 முதல் 28 பாகை வரை இதம். மார்கழி இரவில் சென்னையே 20 பாகையை நெருங்கும்போது, சிறு கிண்ணத்து நீர் விரைவில் குளிர்ந்துவிடும். குளிரூட்டிய படுக்கையறையில் ஆண்டு முழுவதும் மார்கழிதான். மீன் அசையாமல் கிடப்பதற்குச் சிலவேளை இதுவன்றி வேறு காரணமே இராது. மூன்றாவது, வலுவிழந்த மீனுக்கு நீர்மட்டத்தைக் குறைத்தல். மேலே வந்து காற்றுண்ண இயலாவிட்டால் பெட்டா நீருக்குள்ளேயே மூச்சடைத்து இறக்கும். மீனும் மூழ்கிச் சாகும் என்று சொன்னால் குழந்தைகள் நம்ப மறுப்பார்கள், ஆயினும் உண்மை. ஒரு சாண் ஆழத்துக்கும் குறைவான நீரும், சாய்ந்து இளைப்பாற ஓர் இலையும் போதும்.

மழைக்காலத்தில் கொசுப்புகை அடிக்கும் வண்டி தெருவில் வந்தால் தொட்டியை மூட வேண்டும். வீட்டுக்குள் கொசுவை விரட்டச் செருகிவைக்கும் திரவங்களில் உள்ள பைரெத்ராய்டு வகை நஞ்சுகள் மனிதரைக் காட்டிலும் மீனை மிகக் கடுமையாகத் தாக்குபவை. மேலே வந்து காற்றையே விழுங்கும் மீன் இது என்பதை மறக்கலாகாது.

இவ்வளவும் செய்தபின் குறிகளைப் பார்க்கலாம். துடுப்பின் ஓரம் கருகிக் கிழிந்தாற்போல் தேய்ந்தால் துடுப்பழுகல். தூய நீரிலேயே பெரும்பாலும் ஆறும். உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் ஓர் ஒட்டுண்ணியின் வேலை. புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்திவிட்டால் தொட்டியின் அடியில் பெருகும் குஞ்சுகள் மீண்டும் பற்றும். இருட்டில் கைவிளக்கொளியை அடித்துப் பார்க்கையில் பொன்துகள் போல் மின்னினால் அது வேறோர் ஒட்டுண்ணி. வயிறு வீங்கி மிதந்தால் மிகையுணவாக இருக்கலாம். ஒன்றிரண்டு நாள் இரையை நிறுத்துவதே மருந்து. பட்டாணியை நசுக்கிக் கொடுக்கச் சொல்வார்கள். பூச்சியுண்ணும் மீனுக்கு அது ஏற்றதன்று. வயிறு வீங்குவதோடு செதிள்கள் நெல்மணி விரிந்தாற்போல் நிமிர்ந்து நின்றால் சிறுநீரகம் செயலிழந்த நிலை. அதிலிருந்து மீள்வது அரிது என்பதைக் குழந்தைக்கு மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை.

மருந்துகளில் எளியது கல்லுப்பு: லிட்டருக்கு 1 கிராம், கரைத்துச் சிறிது சிறிதாக, ஒரு வாரம் பத்து நாளுக்கு மேற்படாமல். வாதாங்கொட்டை மரத்தின் காய்ந்து உதிர்ந்த இலையைக் கழுவி நீரில் இடுவது மீன் வளர்ப்போர் பலரின் வழக்கம். அதன் துவர்ப்பு நீரைத் தேநீர் நிறமாக்கி, காரத்தைச் சற்றே தணிக்கும். புறநகர்த் தெருக்களில் அம்மரத்துக்குப் பஞ்சமில்லை; சுண்ணாம்பும் பூச்சிமருந்தும் படாத இலையாக இருக்க வேண்டும். நோய் எதுவாயினும் நீலத் துளி மருந்து ஊற்றுவது தவறு. நீரைக் காக்கும் நுண்ணுயிர்களுக்கும் அதனால் கேடு நேரும். வீட்டில் மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைப் பிரித்துக் கொட்டுவது அதனினும் தவறு. ஐயமெனில் மீன்வள மருத்துவம் கற்றோரை நாடலாம். பழைய மாமல்லபுரம் சாலையில் வாணியஞ்சாவடியிலேயே மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. மீன் நோய்களைப் பாடமாகவே பயில்வோர் இன்று தமிழ்நாட்டில் உள்ளனர்.

மீனுக்கு வலி தெரியுமா என்று அறிவியலார் நெடுநாள் வாதிட்டனர். 2003-இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் குழுவினர், டிரவுட் மீனின் முகத்தில் வலியுணரும் நரம்பு முனைகளைக் கண்டறிந்தனர். உதட்டில் காடிநீர் ஏற்றப்பட்ட மீன்கள் உதட்டைக் கல்லில் தேய்த்தன, மூன்று மணி நேரம்போல் இரை தொடவில்லை. சமண நூல்கள் மீனை ஐம்புலனுயிர்களில் வைத்து எண்ணியவை. ஆனால் அதனைச் சொல்லிப் பெருமை கொள்ளுமுன் கூடத்து மேசையிலுள்ள கிண்ணத்தை ஒருமுறை பார்ப்பது தகும். இல்லறத்தார் கொல்லாமை விரதத்துக்கு உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஐந்து குற்றங்களில் முதலாவது, உயிரைக் கட்டிவைத்தல். அளவுக்கு மேல் சுமையேற்றலும் உணவையும் நீரையும் தடுத்தலும் அவ்வைந்தனுள் அடங்கும். விசிறிபோல் விரிந்த நெடிய வாலுடைய பெட்டாவை அழகென்று வாங்குகிறார்கள். அவ்வால் இயற்கை தந்ததன்று. மனிதர் தேர்ந்து தேர்ந்து வளர்த்தது. அதனைச் சுமந்து நீந்தி அம்மீன் களைத்துப்போகிறது. இது சுமையேற்றல் ஆகாதா?

உணவுச் சிக்கலோ இன்னும் கூரியது. பெட்டா ஊனுண்ணி. புழுவும் கொசுக்கூத்தாடியும் அதன் இயற்கை இரை. கடையில் விற்கும் உருண்டைத் தீனியிலும் மீன்தூள் கலந்திருப்பதே வழக்கம். இதை அறிந்து மனம் நொந்த சில வீடுகளில் சோற்றுப் பருக்கையும் பொட்டுக்கடலைத் தூளும் இடுகின்றனர். அவ்வுணவால் மீன் மெல்ல நலிவதோடு, தின்னாத பருக்கை அழுகி நீரும் கெடுகிறது. தன் நோன்பை மீனின்மேல் ஏற்றுவது அன்னத்தைத் தடுத்தலே ஆகும். மீன்தூளும் ஆகாது என்போர் பெட்டாவை வாங்காமலிருப்பது நேர்வழி. வாங்கியாயிற்றெனில், அது வாழும் இரண்டு மூன்று ஆண்டுகளும் அதற்குரியதை அளவோடு இடும் கடன் அவர்களுடையது. அளவு சிறிது: ஒரு நாளைக்கு நான்கைந்து உருண்டை. கண்ணால் கண்டு உண்ணும் மீனாதலின் பொழுது சாயுமுன் இட்டுவிட வேண்டும். இந்த ஒன்றிலாவது அது சமண இல்லத்துக்கு ஒத்துப்போகிறது.

கோப்பையில் தவிக்கும் மீனைக் காசு கொடுத்து மீட்பது ஜீவதயை அல்லவா என்று கேட்போருக்கும் விடை கூற வேண்டும். விற்றுப்போன கோப்பையின் இடத்தில் அடுத்த வாரம் மற்றொரு மீன் வந்து நிற்கும். 2017 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட விதிகள் மீனைக் கிண்ணத்தில் வைப்பதையே தடுத்தன. வண்ணமீன் தொழில்புரிவோரின் எதிர்ப்புக்குப் பின் அவை திரும்பப் பெறப்பட்டன. எனவே இன்று அந்தத் தடை வாங்குவோர் கையில்தான் இருக்கிறது.

நோயுற்ற மீனைச் சிட்லபாக்கம் ஏரியிலோ மாடம்பாக்கம் ஏரியிலோ விட்டுவிடுவதும் தயையன்று. கோப்பையில் வளர்ந்த மீன் அங்கே கொக்குக்கு இரையாகும். நோயோ அங்குள்ள மீன்களுக்கு ஒட்டும். தொட்டியைத் துப்புரவாக்கும் என்று வாங்கி, பெருத்ததும் குளத்தில் விடப்பட்ட முட்கவச மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, வலைஞரையும் நாட்டு மீன்களையும் ஒருங்கே வருத்துகிறது.

மீன் பிழைக்காவிட்டால், அதன் கடைசி நேரத்தில் மேலும் மேலும் மருந்தூற்றாமல், விளக்கைத் தணித்து, கண்ணாடியைத் தட்டாமல் விட்டுவிடலாம். உயிர் பிரிந்தபின் மாடித்தொட்டியிலோ தோட்டத்திலோ மண்ணில் புதைக்கலாம். கழிப்பறையிலும் சாக்கடையிலும் இடலாகாது. நீரைச் செடிக்கு ஊற்றாமல், உப்போ மருந்தோ கலந்ததெனில் வடிகாலில் விட்டு, தொட்டியைக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். மறுவாரமே சந்தைக்குப் போகும் அவசரம் வேண்டா. குழந்தை மீண்டும் கேட்டால், முதலில் 20 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றை வாங்கி, வடிகட்டியும் நீர்ச்செடியும் வைத்து, கடையில் விற்கும் அமோனியா நீர்மத்தைக் குறித்த அளவில் சொட்டுச் சொட்டாக இட்டு, மீனின்றி ஆறு வாரம் ஓடவிட வேண்டும். நீர் எப்படிப் பழகுகிறதென்று சோதனைத் தாளைக் கொண்டு வாரந்தோறும் அளந்து எழுதும் பொறுப்பைக் குழந்தையிடமே கொடுக்கலாம். ஆறாம் வாரத்தில் மீன் வேண்டுமா, செடி மட்டும் போதுமா என்பதை அக்குழந்தையே சொல்லட்டும்.