டிகிரியில் மார்க் கம்மி, வெளிநாட்டில் எம்பிஏ கிடைக்குமா?

"அண்ணா, இன்ஜினியரிங்ல 58 சதவீதம்தான், வெளிநாட்டு எம்பிஏவுக்கு அப்ளை பண்ணலாமா?" என்று என்னிடம் நிறைய பேர் கேட்கிறார்கள். பண்ணலாம். பழைய மார்க்கை மாற்ற முடியாது. ஆனா கல்லூரிக்கு முக்கியமான சந்தேகம், இவரால நம்ம கணக்கு, நிதிப் பாடங்களைச் சமாளிக்க முடியுமா என்பதுதான். அதுக்குப் புதுசா ஆதாரம் கொடுங்க. ஜிமேட் மதிப்பெண் 205-இலிருந்து 805 வரை. அதில் குவான்ட் பகுதியில் நல்லா வாங்குங்க. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆன்லைனின் 'கோர்' படிப்பில் அக்கவுன்டிங், எகனாமிக்ஸ், அனலிடிக்ஸ் மூணுமே இருக்கு.

இதெல்லாம் முடிச்சிட்டு, 'ஆப்ஷனல் எஸ்ஸே'யில் காரணத்தை ரெண்டு வரியில் சொல்லுங்க. அப்புறம் என்ன மாறியது என்று எழுதுங்க. ஆதாரம் இல்லாத விளக்கம் வெறும் சாக்காத்தான் தெரியும்.