வண்டி வருமட்டும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சங்க வேலையாகச் சென்ற மூவர் வழியில் ஊர் சுற்றிப் பார்த்தார்கள் என்று ஒரு பேச்சு நம்மிடையே உலவியது. செயற்குழுவிலே பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, "போட்டி நடத்தப் போனீர்களா, உலாத்தப் போனீர்களா?" என்று நேரிலேயே கேட்டும் விட்டார். கேட்டதில் தவறில்லை. சங்கப் பணம் பொதுப் பணம். ஆகவே நடந்ததை நடந்தபடியே இந்தச் சபையில் சொல்லிவிடுவது எங்கள் கடமை. ஒரு குற்றத்தையும் அதனோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கான பேச்சு, கட்டுரைப் போட்டிகளை நடத்துவதற்காக நாங்கள் மூவர் புறப்பட்டோம். நாவலப்பிட்டி, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என ஐந்து இடங்கள், ஆறு நாட்கள். மூவரில் ஒருவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மற்ற இருவரும் வாலிபர்கள். மலைநாட்டுப் பிரயாணத்தைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் வண்டியில் இருந்தால் இரண்டு மணி நேரம் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைப் பற்றியதே இந்தப் பேச்சு.

முதல் நாள் காலை நானுஓயா நிலையத்தில் கீழே போகும் கோச்சிக்காக நின்றோம். மழைத் தூறல். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டு யாத்திரிகர் ஒருவர், ஒரு பழைய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "இங்கிருந்து நுவரெலியாவுக்கு ஒரு சின்ன ரயில் ஓடியதாமே, அதன் பாதை எந்தப் பக்கம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இந்த மண்ணிலே பிறந்து வளர்ந்தவர்கள். ஆயிரம் தடவை அந்த நிலையத்தில் ஏறி இறங்கியவர்கள். எங்களுக்குத் தெரியவில்லை!

நிலையத்து வாசலில் தேத்தண்ணீர் விற்கும் கிழவர்தான் எங்கள் மானத்தைக் காத்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, கையால் காட்டினார். நாங்கள் மொழிபெயர்த்தோம். பிறகு வாசித்து அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். பிரதான புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. அதன் தண்டவாள அகலம் ஐந்தரை அடி. 1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு இரண்டரை அடி அகலத்தில் ஒரு சிறு பாதை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அது கந்தப்பளை வழியாக ராகலை வரைக்கும் நீண்டது. கொழுந்தை அரைத்துப் பெட்டியில் அடைத்த தேயிலை அதிலேதான் இறங்கியது. அரிசி மூட்டையும் உரமும் அதிலேதான் ஏறின. பின்னர் மோட்டார் லொறி வந்தது. வீதி சீரானது. 1940களில் அந்தச் சிறு கோச்சி நின்றுபோயிற்று, தண்டவாளத்தையும் பெயர்த்தெடுத்தார்கள். யாத்திரிகர் நன்றி கூறிவிட்டுக் கிழவர் காட்டிய திசையில் நடந்து போய்விட்டார். எங்கள் முகத்தில் ஈயாடவில்லை. ஓய்வு பெற்ற அண்ணன் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்ததும், "இனி வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருப்பதில்லை" என்றார். எங்கள் 'உலாத்தல்' அங்கேதான் தொடங்கியது.

நாவலப்பிட்டியில் வேலை சரியாக இருந்தது, பார்க்க நேரமில்லை. மறுநாள் ஹட்டன்.

ஹட்டனில் காலையிலேயே போட்டி முடிந்தது. தலவாக்கலைக்குப் போகும் வண்டி இரண்டேகால் மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள். வாலிபர் இருவரும் மாணிக்கப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, கடைத்தெருவையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். 1931இல் கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளர்களுக்கான சங்கத்தைத் தொடங்கியது இந்த நகரில்தான். அவருடைய மனைவியார் மீனாட்சி அம்மை கூட்டங்களிலே பாட்டாகப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார் என்றும் படித்திருக்கிறோம். அவர்கள் நின்று பேசிய இடம் எதுவென்று இரண்டு கடைகளில் விசாரித்தோம். ஒருவரும் அறியார். பெரிய நகரம், எல்லாருக்கும் அவசரம்.

திரும்பி வந்தபோது அண்ணன் நிலையத்து மேடை வாங்கிலேயே இருந்தார். அசையவேயில்லை. "நீங்கள் ஒன்றும் பார்க்கவில்லையே" என்றோம். "நான் பார்க்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது" என்றார். பிறகு அவர் சொன்னதைச் சபையில் சொல்ல அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறோம்.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் ஆயிற்று. இலங்கையில் பிரஜாவுரிமை அற்றிருந்த நம்மவரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை உரிமை கொடுப்பது, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. கணக்கு அவ்வளவுதான். 1974இல் அந்த மிகுதியையும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். கணக்கெழுதியவர்களுக்கு எண், லயத்தில் இருந்தவர்களுக்கு அண்ணனும் தங்கையும். ஒரே வீட்டில் ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மற்றவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. தலைமன்னாருக்குப் புறப்படும் வண்டிக்கு நமது மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. முதியோர் பலருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே நெஞ்சு அடைக்கும் என்பதை அறிவோம், மன்னிக்க வேண்டும்.

அண்ணனுக்கு அப்போது ஏழு வயது. அவருடைய அத்தை குடும்பம் போகிறது. தோட்டமே லொறியில் ஏறி ஹட்டனுக்கு வந்துவிட்டதாம். தகரப் பெட்டி, அம்மி, ஒரு கோழிக்கூடு. கோழியைக் கொண்டு போக விடமாட்டார்கள் என்று யாரோ சொல்ல, அத்தை அந்தக் கூட்டைச் சின்னப் பையனான இவர் கையிலே கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாராம். வண்டி நகர்ந்தபோது எழுந்த ஓலத்தில் கோழி பயந்து சிறகடித்ததும், தாம் கூட்டை இறுகப் பிடித்துக்கொண்டதும்தான் ஞாபகம். அத்தையின் முகம் ஞாபகத்தில் இல்லை என்றார். அத்தை நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் குடியேறினார். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசாங்கம் அங்கே தேயிலைத் தோட்டம் போட்டிருந்தது. இங்கே கொழுந்து பறித்தவர் அங்கேயும் கொழுந்தே பறித்தார். பத்து வருஷம் கடிதம் வந்தது. 1984இல் கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது.

அண்ணன் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் ஹட்டன் நிலையத்தைத் தவிர்த்துப் பஸ்ஸிலேயே போய்வந்தாராம். இந்தத் தடவை எங்களோடு வந்ததால் இறங்க வேண்டியதாயிற்று. "எந்த இடத்தில் நின்றேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தூணா, இந்தத் தூணா என்று தெரியவில்லை" என்றார். வண்டி வந்தது. ஏறினோம். தலவாக்கலை மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இனி எங்கள் குற்றத்துக்கு வருகிறோம்.

தலவாக்கலையில் பகல் இரண்டு மணிக்குப் போட்டி. சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தோட்டப் பாடசாலையில். அன்று காலை பத்து மணிக்கெல்லாம் நகரில் ஆயத்தமாகிவிட்டோம். நான்கு மணி நேரம் இருக்கிறதே என்று, ஹட்டன் வீதியிலே சென் கிளேயர் அருவியைப் பார்க்கப் போனோம். கோச்சியில் போகும்போது ஜன்னலால் எட்டிப் பார்ப்பதற்கும் நின்று பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு என்பது வாலிபர்களின் வாதம். உண்மைதான். ஏறக்குறைய 265 அடி உயரத்திலிருந்து அகன்று விழும் நீர். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வருவதற்கு முன்பு, அருவி வற்றிவிடும் என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. அருவிக்கும் நீர் விடுவது என்ற ஏற்பாட்டோடு 2012இல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. தலவாக்கலையில் பல குடும்பங்கள் இருப்பிடம் மாறவும் நேர்ந்தது. எங்களில் இளையவர் படம் பிடிக்க விரும்பினார். மஞ்சு மூடிவிட்டது. "இதோ விலகும், இதோ விலகும்" என்று நின்றோம். விலகியபோது மணி ஒன்று. திரும்புவதற்கு வந்த பஸ்களோ கூட்டத்தினால் நிற்காமலே போயின. பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றேகால்.

வெள்ளைச் சட்டை அணிந்த பிள்ளைகள் வரிசையாக வாங்குகளில் இருந்தார்கள். சத்தமில்லை. ஆசிரியர் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. அது இன்னும் கொடுமை. முதலாவதாகப் பேச வேண்டிய எட்டு வயதுச் சிறுமி, காத்திருந்து காத்திருந்து தாயின் மடியிலே உறங்கிவிட்டாள். எழுப்பி நிறுத்தினார்கள். "பெரியோர்களே" என்று தொடங்கினாள். அடுத்த சொல் வரவில்லை. எங்களைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், விம்மி அழுதாள். மகள் பேசுவதைக் கேட்பதற்காகத் தாய் மத்தியானத்தோடு மலையிலிருந்து இறங்கியிருந்தார்; அன்றைக்கு அவருக்கு அரைப் பேர்தான் விழும் என்று பிறகு தெரிந்தது. அரைப் பேர் என்றால் என்ன என்று இந்தச் சபைக்கு விளக்க வேண்டியதில்லை. நாங்கள் மன்னிப்புக் கேட்டபோது அந்த அம்மா, "பரவாயில்லைங்க, மழையிலே வந்திருக்கீங்க, தேத்தண்ணி குடிங்க" என்றார். அந்தத் தேத்தண்ணீர் தொண்டையில் இறங்க மறுத்தது.

சிறுமிக்குக் கடைசியில் மீண்டும் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தோம். நன்றாகவே பேசினாள். பரிசு கிடைக்கவில்லை, அவளைவிட நன்றாகப் பேசியவர்கள் மூவர் இருந்தார்கள். இரக்கப்பட்டுப் பரிசு கொடுத்திருக்கலாமே என்று சிலர் பின்னர் கேட்டார்கள். அதுவும் வேறொரு குற்றமாகியிருக்கும் என்றே இன்றும் எண்ணுகிறோம்.

அன்றிரவு அண்ணன் ஒரு சட்டம் போட்டார். வேலைக்கு முன்னால் உள்ள நேரம் நம்முடையதல்ல, அது காத்திருப்பவர்களுடையது. வேலை முடிந்த பிறகு கிடைக்கும் நேரமே நம்முடையது. மிகுதி நாட்களில் இந்தச் சட்டத்தை மீறவில்லை.

சொந்த ஊராகிய நுவரெலியாவில் பஸ் மாற ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. மறுநாள்தான் போட்டி, ஆகவே அந்த நேரம் எங்களுடையது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்ற ஆசையை அடக்கி, அந்நியர்களைப் போலத் தெருவிலே நடந்தோம். 1894இல் எழுப்பிய செங்கல் தபாற் கந்தோரை, முத்திரை வாங்காமல் நின்று பார்த்தது அதுவே முதல் தடவை. தேசாதிபதி கிரகரி 1873இல் வெட்டுவித்த வாவியைப் பற்றி எல்லாரும் அறிவீர்கள். வழியில் எதிர்ப்பட்ட அயலவர் ஒருவர், "என்ன, வழி தவறிவிட்டீர்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

பண்டாரவளை பஸ்ஸில் ஏறி, சீதா எலிய அம்மன் கோயிலில் இறங்கி வணங்கினோம். 2024 மே மாதத்தில்தான் அங்கே கும்பாபிஷேகம் நடந்திருந்தது. வர்ணம் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. ஓடைப் பாறையில் அனுமன் பாதம் என்று வணங்கப்படும் பள்ளங்களைச் சூழ்ந்து, இந்தியாவிலிருந்து வந்த யாத்திரிகர் கூட்டம். அதற்கு அப்பால் ஹக்கலைப் பூந்தோட்டம். பூவைப் பார்க்கவே எல்லாரும் போகிறார்கள். 1861இல் அந்தத் தோட்டம் பூவுக்காகத் தொடங்கப்படவில்லை. சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காகத் தொடங்கினார்கள். குளிர்காய்ச்சலுக்கு மருந்தான கொயினா அந்த மரத்துப் பட்டையிலிருந்து எடுப்பது. மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த நம் முன்னோரில் எத்தனையோ பேர் காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே மாண்டுபோன காலம் அது. ரோசாச் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு அதைத்தான் பேசினோம்.

பண்டாரவளையில் போட்டி குறைவில்லாமல் நடந்தது. பதுளைக்குப் போகும் பாதையில் தெமோதரை நிலையத்தை மட்டும் சொல்லிவிடுகிறோம். வண்டி நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்குக் கீழேயுள்ள சுரங்கத்தினுள் நுழைகிறது. இறக்கம் அதிகமாதலால் பாதை போட வழி தெரியாமல் பொறியியலாளர் திகைத்து நின்றபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டியதைக் கண்டு, அதேபோலப் பாதையைச் சுற்றிவிட்டார்கள் என்பது செவிவழிக் கதை. 1924இல் பாதை பதுளையை அடைந்தது. கதை மெய்யோ பொய்யோ, கங்காணியைப் பற்றி நல்லதாக ஒரு கதையாவது இருக்கிறதே என்று அண்ணன் சிரித்தார். ஹட்டனுக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

செலவுக் கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது. அருவிக்குப் போய்வந்த பஸ் கட்டணமும், சீதா எலியவில் இறங்கி ஏறியதனால் கூடிய கட்டணமும், ஹக்கலை நுழைவுச் சீட்டும் எங்கள் சொந்தக் கையிலிருந்து போனவை. பெரியவர் கணக்கைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். தலவாக்கலைப் பாடசாலைக்கு ஒரு மன்னிப்புக் கடிதமும் எழுதியிருக்கிறோம்.

திரும்பும்போது பதுளைக் கோச்சியில் வந்து நானுஓயாவில் இறங்கினோம். இருட்டிவிட்டது. தேத்தண்ணீர்க் கிழவர் இன்னும் கடை மூடவில்லை. எங்கெங்கே போனீர்கள் என்று கேட்டார். கங்காணியின் தலைப்பாகைக் கதையைச் சொன்னோம். வெகு நேரம் சிரித்தார். பிறகு, "சின்ன வயசிலிருந்து இந்த ஸ்டேஷன் வாசலிலேதான் நிற்கிறேன், தம்பி. பதுளைக்குப் போகிற கோச்சிக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்திருக்கிறேன். பதுளையை இன்னும் பார்க்கவில்லை" என்றார். அடுத்த பயணத்துக்கு நான்கு பேருக்கு இடம் வைக்கும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறோம்.