கவனிக்கணும், யோசிக்கணும், வாய் திறந்து சொல்லணும்

(சேரம்பாடியில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



பெண் பிள்ளைகளின் மேற்படிப்பு பற்றிப் பேசச் சொன்னாங்க. அதில் நர்ஸ் படிப்பைப் பற்றி மட்டும் பேசறேன். நம்ம குழுக்களில் கடன் வாங்கி, நகையை வச்சு, எத்தனையோ பேர் பிள்ளையை நர்ஸ் படிப்புக்கு அனுப்பியிருக்கோம். பீஸ் கட்டினதோட நம்ம வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். அதுக்கப்புறமும் நமக்கு ஒரு வேலை இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் தங்கச்சி நர்ஸிங் முடிச்சிட்டு என்கிளெக்ஸ் என்ற தேர்வுக்குப் படிக்கிறாள். அமெரிக்காவில் நர்ஸாப் பதிவு பண்ண இந்தத் தேர்வில் பாஸாகணும். கனடாவிலும் பெரும்பாலான மாகாணங்களில் 2015லிருந்து இதுதான். கம்ப்யூட்டரில் எழுதுற தேர்வு. குறைஞ்சது 85 கேள்வி, கூடினா 150 கேள்வி, நேரம் 5 மணி. நாம சொல்ற பதிலைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வியைக் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கும். ராத்திரி சமையல் வேலை முடிஞ்சதும் அவள் கேள்வியைத் தமிழில் சொல்லுவாள், நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். பத்தாவது படிச்ச எனக்கு மருந்துப் பேரெல்லாம் தெரியாது. ஆனா அந்தத் தேர்வு என்ன எதிர்பார்க்குதுன்னு கேட்கக் கேட்கப் புரிஞ்சது.

2023 ஏப்ரல் 1லிருந்து அந்தத் தேர்வை மாத்தியிருக்காங்க. ஒரு நோயாளியோட நிலைமையை முழுசாக் கொடுத்து, அதிலேயே வரிசையா ஆறு கேள்வி கேட்கிறாங்க. இதில் எதைக் கவனிக்கணும்? அது எதைக் காட்டுது? எது ரொம்ப அவசரம்? என்னென்ன செய்யலாம்? இப்போ எதைச் செய்யணும்? செஞ்சதுக்குப் பலன் தெரிஞ்சதா? இந்த ஆறையும் மனப்பாடம் பண்ணி எழுத முடியாது.

உங்களுக்கு நல்லாப் புரியற ஒண்ணைச் சொல்றேன். குழந்தை பிறந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு. "லேசா மயக்கமா வருது"ன்னு தாய் சொல்றாள். மாத்தின பேடு கால் மணி நேரத்தில் முழுசா நனைஞ்சிருச்சு. நாடி வேகமா ஓடுது. அடிவயித்தைத் தொட்டா கர்ப்பப்பை கெட்டியா இல்லாம தொளதொளன்னு இருக்கு. பிரஷர் மட்டும் சரியா இருக்கு. முதல்ல என்ன செய்வீங்க? டாக்டரைத் தேடிப் போறதா, பிரஷரை மறுபடி பார்க்கிறதா, குடிக்கக் கொடுக்கிறதா, கர்ப்பப்பையைத் தேய்ச்சு விடுறதா?

தாயை விட்டு நகராம, கையால் கர்ப்பப்பையைத் தேய்ச்சுச் சுருங்க வைக்கணும். அங்கிருந்தே சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடணும். அப்புறம் கெட்டியாச்சா, ரத்தம் குறைஞ்சுதான்னு பார்க்கணும். பிரஷர் சரியா இருக்குன்னு நம்பி இருந்துடக் கூடாது. வயசு கம்மியான தாய்க்கு நிறைய ரத்தம் போன பிறகுதான் பிரஷர் இறங்கும். நாடி அதுக்கு முன்னாடியே சொல்லிடும். எத்தனை மில்லி போனா ஆபத்துன்னு மனப்பாடம் பண்ணின பிள்ளைக்கும், நனைஞ்ச பேடைப் பார்த்ததும் கை வயித்துக்குப் போகிற பிள்ளைக்கும் நடுவில் ஒரு தாயோட உயிர் இருக்கு.

இன்னொரு கேள்வி. வார்டில் நாலு பேர். ஒருத்தர் ஆபரேஷன் பண்ணின வலியில் கத்துறார். ஒருத்தர் வீட்டுக்குப் போகச் சீட்டு கேட்டுச் சண்டை போடுறார். ஒருத்தருக்குக் கட்டு மாத்தணும். நாலாமவர் இன்சுலின் போட்டுக்கிட்டு காலையில் சாப்பிடாம இருக்கிறவர். சும்மா படுத்திருக்கார், ஆனா வேர்த்துக் கொட்டுது, சம்பந்தமில்லாமப் பேசுறார். கத்துறவர்கிட்டதான் மனசு போகும். ஆனா வேர்க்கிறவர்கிட்டதான் முதல்ல போகணும். சர்க்கரை 70க்குக் கீழே போயிருந்தா, அவரால விழுங்க முடியும்னா, 15 கிராம் சர்க்கரை கொடுத்து 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊத்தக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்.

இது நம்ம வீட்டுக்கும் வேணும்தானே? 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சப்போ, வீடு வீடாப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறதுக்கு நம்மள மாதிரி குழுப் பெண்களைத்தான் எடுத்தாங்க. யாரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு யோசிக்கிற வேலை ஏற்கனவே நம்ம கையில் வந்தாச்சு.

அடுத்தது பாதுகாப்பு. மருந்து கொடுக்கும் முன்னாடி சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று அஞ்சையும் பார்க்கணும். கட்டில் நம்பரை வச்சு ஆளை முடிவு பண்ணக் கூடாது. ஒரே வார்டில் மூணு லட்சுமி இருப்பாங்க. "நீங்க லட்சுமிதானே?"ன்னு கேட்டா அரைத் தூக்கத்தில் யாரும் தலையாட்டிடுவாங்க. "உங்க பேரு என்ன, பிறந்த தேதி என்ன?"ன்னு அவங்க வாயால சொல்ல வைக்கணும், கையில் கட்டின பட்டையோட சரி பார்க்கணும்.

இனிமே சொல்றதுதான் எனக்கு முக்கியமாப் படுது. டாக்டர் எழுதின அளவு வழக்கத்தைவிட பத்து மடங்கு இருக்கு. நர்ஸ் என்ன செய்யணும்? கொடுக்காம நிறுத்தி வச்சு, எழுதினவர்கிட்டயே கேட்டுத் தெளிவு பண்ணணும். கேட்க எளிசா இருக்கு. ஆனா "டாக்டரையே கேள்வி கேட்கிறதா?"ன்னு நம்ம பிள்ளைகள் தயங்குறாங்க. தயங்காம என்ன செய்வாங்க? பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே, பொம்பளைப் பிள்ளை அடக்கமா இருன்னு சொல்லித்தானே வளர்க்கிறோம்.

குழுவில் சேர்ந்த புதுசில் நாமளும் பேங்க் மேனேஜர் முன்னாடி உட்காரப் பயந்தவங்கதான். இன்னைக்கு வட்டிக் கணக்கில் பத்து ரூபாய் கூடினாலும் பாஸ்புக்கை நீட்டிக் கேட்கிறோம். அந்தத் தைரியத்தைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கணும். மரியாதையாக் கேட்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு. யாருக்கு என்ன ஆச்சு, அதுக்கு முன்னாடி எப்படி இருந்தது, எனக்கு என்ன தோணுது, இப்போ என்ன வேணும்னு நாலையும் வரிசையாச் சொல்லணும். "சார், மூணாம் கட்டில் அம்மாவுக்கு ரத்தப் போக்கு அதிகமா இருக்கு. ரெண்டு மணி நேரம் முன்னாடி பிரசவம் ஆச்சு. கர்ப்பப்பை சுருங்கலைன்னு நினைக்கிறேன். உடனே வாங்க." இப்படிச் சொல்லப் பழகணும்.

நம்ம மலைப் பிள்ளைகளால முடியுமான்னு சந்தேகம் வேண்டாம். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை 1990லிருந்து நடக்குது. பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்து நர்ஸா ஆக்கியிருக்காங்க. நோயாளியோட பாஷை தெரிஞ்ச பிள்ளை பக்கத்தில் இருந்தா, அவங்க வாய்விட்டுச் சொல்லாத வலியும் வெளியே வரும்.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். இத்தனை ஆயிரம் கேள்வியை மனப்பாடம் பண்ணினா பாஸ்னு சொல்றவங்களை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். மாசத்தில் ஒரு கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்க. நர்ஸ் படிக்கிற பிள்ளை ஒருத்தி ஒரு கேள்வியைத் தமிழில் சொல்லட்டும். அந்தப் பதில் ஏன் சரி, மத்த மூணும் ஏன் தப்புன்னு நமக்கு விளங்கற மாதிரி விளக்கட்டும். நமக்குப் புரியலைன்னா, அவள் இன்னும் படிக்கணும்னு அர்த்தம். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வு எழுதற பிள்ளைக்கும், எய்ம்ஸ் வேலைக்கு நார்செட் எழுதற பிள்ளைக்கும் இதே பழக்கம் உதவும்.

செப்டம்பர் 17 உலக நோயாளர் பாதுகாப்பு தினம். முதல் வகுப்பை அன்னைக்கே வைக்கலாம். கேள்விகளை என் தங்கச்சி கொண்டு வரேன்னு சொல்லியிருக்கா. டீ செலவு எங்க குழுவோடது.