வாடகையில் உப்புக் காற்றுக்கும் ஒரு பங்கு



2021 பிப்ரவரியில் சென்னை மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை ஓடத் தொடங்கியது. திருவொற்றியூர் பக்கம் ஒரு வீடு வாங்கிப் போட்டால் வாடகை வருமே என்று நினைப்பவர்களுக்கு அது நல்ல காரணம்தான். ஆனால் மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி, அதுதான் வருமானம் என்று முடித்துவிடுகிறோம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கடலோரத்தில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே உப்புக் காற்றும் ஒரு பங்காளி.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு மேலே மூடியிருக்கும் கான்கிரீட்தான் காவல். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி, சாதாரண இடத்தில் அந்த மூடல் 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. கடல்நீர் தெறிக்கும் இடத்தில் 50 கேட்கிறது. மூடல் குறைந்தால் உப்பு சீக்கிரம் கம்பியைத் தொட்டுவிடும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

இதைப் பார்க்க இன்ஜினியர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் பால்கனி ஓரத்தையும் அண்ணாந்து பாருங்கள். கம்பி போகிற வழியே நேராக ஒரு விரிசல், அதையொட்டிப் பழுப்புக் கறை. கொத்தனார் அங்கே சுத்தியலால் தட்டினால் ‘ணங்’ என்று கேட்காது, ‘பொத்’ என்று கேட்கும். இந்த நிலையில் விட்டுப்போன கான்கிரீட்டை உடைத்தெடுத்து, கம்பியைத் தேய்த்து, துருத் தடுப்புப் பூசி, மறுபடி கட்டிவிடலாம். பட்டி பார்த்து பெயிண்ட் அடித்து மறைத்தால், பிறகு கம்பியையே மாற்ற வேண்டிவரும். ராயபுரத்துப் பழைய வீட்டில் மெட்ராஸ் டெரஸ் கூரை இருந்தால், தேக்கு உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட அரசு வாரியக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. அது கட்டப்பட்டது 1993இல். முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. விரிசலைக் கண்டு எல்லோரும் முன்னதாகவே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள்.

சரி, எவ்வளவு ஒதுக்குவது? ஓர் உதாரணம். 50 லட்ச ரூபாய் வீடு, மாத வாடகை 12,000 என்று வையுங்கள். ஆண்டுக்கு 1,44,000, போட்ட பணத்துக்கு 2.88 சதவீதம். இதில் இரண்டு மாத வாடகையைப் பழுதுக்கென்றும், ஒரு மாத வாடகையை வீடு காலியாகக் கிடக்கும் நாளுக்கென்றும் எடுத்து வையுங்கள். மிச்சம் 1,08,000, அதாவது 2.16 சதவீதம். சொத்து வரியும் இதிலிருந்துதான். இந்தக் கணக்குக்கும் வீடு கட்டுப்படியானால் வாங்கலாம்.

சொத்து வரி போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதத்தை ரசீது எதுவும் கேட்காமல் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் விடுகிறது. பழுதுக்கென்று எடுத்து வைத்த பணத்தைச் செலவழித்துவிடாமல் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஒரு வருடம் செலவே இருக்காது. இன்னொரு வருடம் 2023 டிசம்பர் மாதிரி வரும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் எண்ணெயும் புகுந்ததே, அந்த மாதிரி. அன்றைக்குக் கை கொடுப்பது சேர்ந்திருக்கும் பணம்தான்.

குடித்தனக்காரரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு போன்றவைதான் அவர் பொறுப்பு. அவரால் வந்த சேதம் நீங்கலாக, கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் தலையில்தான்.

பழுது வேலையை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். புதிதாக வாங்கப் போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடி வரை ஏறிப் பாருங்கள். அவர் சொல்லும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.