சிறு விமானமும் ஒரு சிறு கருவியும்
(பயிற்சி அலுவலர்களிடையே நிகழ்த்திய உரை)



பொருளாதாரம் பயின்றவனுக்கு விமானக் கருவியைப் பற்றிப் பேச என்ன உரிமை என நீங்கள் கேட்கலாம். பாதுகாப்புக்கும் விலை உண்டு. அவ்விலையை நிர்ணயிப்பதில் அரசின் விதிகளுக்கும் பங்கு உண்டு.

அமெரிக்காவில் ஒருவர் தம் வீட்டிலேயே விமானம் கட்டிப் பறக்கலாம். கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ அதன் பெரும்பகுதியைத் தாமே கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஒரு வரம்பைக் கடந்தால், பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டி, தூக்குவிசை திடீரெனக் குறைகிறது. வேகமானி இதனை நேரடியாகக் காட்டாது. உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பும் விமானம், நேராகப் பறக்கையில் உள்ளதைவிடச் சுமார் 41 சதவீதம் கூடுதலான வேகத்திலேயே இந்த அபாயத்தை அடைந்துவிடும். ஆகவே கோணத்தையே அளக்கும் உணர்கருவி பயன்படுகிறது.

இதில் ஒரு வகை, இரு துளைகள் கொண்ட சிறு குழாய். ஒரு துளை முன்னோக்கியும் மற்றது சாய்வாகக் கீழ்நோக்கியும் இருக்கும். இரண்டின் அழுத்த வேறுபாட்டிலிருந்து கோணம் கணிக்கப்படுகிறது. சுழல்விசிறியின் காற்றோட்டம் படாத இடத்தில், இறக்கையின் அடியில் இதனைப் பொருத்துவர். இறக்கையின் முதன்மை உத்தரத்தில் துளையிடலாகாது. இணைப்புக் குழாய்களில் கசிவு உண்டா எனச் சோதித்த பின், போதிய உயரத்தில் பறந்து அளவீட்டைச் சரிசெய்ய வேண்டும்.

வீட்டில் கட்டியவர்கள் இதனை எளிதாகப் பொருத்தினர். சான்றிதழ் பெற்ற தொழிற்சாலை விமானங்களுக்கோ ஒப்புதல் நடைமுறையே செலவைக் கூட்டிற்று. 2014 பிப்ரவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதனை எளிதாக்கியது. வகுத்த தரத்தின்படி தயாரித்ததாக உற்பத்தியாளர் கடிதம் மூலம் உறுதியளித்து ஒப்புதல் கோரலாம் என்றாயிற்று.

எனில் எல்லா விதிகளையும் தளர்த்திவிடலாமா? 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரு போயிங் 737 மாக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் மாண்டனர். இதே கோணத்தை அளக்கும் ஒற்றை உணர்கருவியின் தவறான அளவை ஏற்றுத் தானியங்கி அமைப்பு விமானத்தின் மூக்கைத் தாழ்த்தியது முக்கியக் காரணங்களுள் ஒன்று.

சிறு விமானத்தில் இக்கருவி எச்சரிக்கை மட்டுமே தருகிறது, முடிவு விமானியுடையது. அங்கோ கருவியின் சொல்லே விமானத்தை இயக்கியது. பிழை நேர்ந்தால் விளையும் தீங்கின் அளவுக்கேற்ப விதியின் கண்டிப்பும் அமைதல் வேண்டும். நாளை ஒரு கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, விதி தடுக்கும் தீங்கையும், அதே விதி தாமதப்படுத்தும் நன்மையையும் ஒருசேர எடைபோட்டுக் கையெழுத்திடுங்கள்.