மலைப்பாதை வாகனத்தில் இருவழி வானொலி

2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டுப் பாதைகளை மண்சரிவால் மூடியபோது, பலவிடங்களில் தொலைபேசிகளும் ஊமையாயின. நோயாளியை ஏற்றிச் செல்லும் தோட்ட லொறிக்கு அவ்வேளையில் கைகொடுக்கக்கூடியது சி.பி. எனப்படும் இருவழி வானொலி. லொறியில் ஒன்று, தோட்ட மருந்தகத்தில் ஒன்று. தனித்த ஒன்றால் யாது பயன்?

முதலில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் அவ்வாறு விதிக்கின்றது.

கருவியினும் ஏரியலே முக்கியம். 27 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீற்றர்; அதன் காற்பங்கான நெடுங்கம்பியைப் பாதையோர மரக்கிளைகள் விட்டுவைக்குமா? அடியிற் சுருள் கொண்ட குட்டைக் கம்பியைத் தகட்டுக் கூரையின் நடுவே பொருத்துதல் தக்கது. மின்னிணைப்பு உருகியுடன் நேரே பற்றரியிலிருந்து வரட்டும்.

ஹற்றன் பள்ளத்தாக்கிலிருந்து எழும் குரலை நுவரெலியா செல்லவிடாது மலை மறிக்கும். லொறியை மேட்டுக்கு ஏற்றி நிறுத்திய பின்னரே பேசுதல் வேண்டும்.